மூன்றாவது முறை கேட்டால்

டிம்ப்னா கெராட்டி முப்பத்தொன்பது வருடமாக டப்ளின் மேடைகளில் தேநீர்த் தட்டு ஏந்தி வந்தாள். பத்தொன்பது வயதில், ராஸ்காமனில் ஒரு மாதாகோயில் மண்டபத்தில் நடந்த நாடகப் போட்டியில் அது தொடங்கியது. நடுவர் கடைசியில் எழுந்து எல்லோரையும் வரிசையாகக் குறை சொல்லிவிட்டு, "தேநீர்த் தட்டைக் கொண்டுவந்த பெண் மட்டும் நம்பும்படியாக இருந்தாள்" என்றார். உள்ளூர்ப் பத்திரிகையில் அந்த வரி வந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு டப்ளினுக்குப் பஸ் ஏறினாள். அதன்பிறகு அவள் கையிலிருந்த தட்டை யாரும் வாங்கிக் கீழே வைக்கவில்லை.

மேடையில் அவள் வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, கெட்ட செய்தி கொண்டுவருபவள். திரையில் கன்னியாஸ்திரி. மொத்தம் பதினொரு கன்னியாஸ்திரிகள், அதில் ஏழு பேர் பிள்ளைகளை அடிப்பவர்கள். ஒருமுறை விக்லோ மலையில் எடுத்த பெரிய படம் ஒன்றில் கதவைத் திறந்து, "ஐயா உள்ளதான் இருக்கார்" என்று சொன்னாள். படம் வெளிவந்தபோது கதவு இருந்தது, அவள் இல்லை.

"காத்துல திறந்துக்கிச்சு போல" என்றாள் அக்கா கன்செப்டா. தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். இருவரும் டப்ளினில் பிப்ஸ்பரோ பகுதியில் ஒரு செங்கல் வீட்டில் இருந்தார்கள்.

நாடக அறிவிப்புத் தாளில் டிம்ப்னாவின் பெயருக்கு எதிரே 'ஒரு பெண்' என்றோ, 'இரண்டாம் பக்கத்து வீட்டுக்காரி' என்றோதான் அச்சிடுவார்கள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, பெயர் உள்ள ஒருத்தியாக நடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் கன்செப்டாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கன்செப்டா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

பெயர் உள்ள வேடங்களெல்லாம் ஃபினோலா க்விலிகனுக்குப் போயின. டிம்ப்னாவின் தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக் குடிப்பவள் பெரும்பாலும் அவள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து ஹாரியட் பெல்லமி என்று ஒரு பெண் பேசினாள். படம் எடுப்பவள். மேற்குக் கடலோரத்தில் ஒரு தீவு, எல்லோரும் ஊரைக் காலி செய்துகொண்டு படகேறுகிறார்கள், ஒரு விதவை மட்டும் வரமாட்டேன் என்கிறாள், அதுதான் கதை. விதவையின் பெயர் ஹன்னா டெவேன்.

"அந்த ஹன்னாவா நீங்க நடிக்க முடியுமா, மிஸ் கெராட்டி?"

டிம்ப்னாவுக்குச் சரி என்று சொல்லத்தான் ஆசை. வாய் அதன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

"ஐயோ, எனக்கெதுக்குங்க. என்னைவிட நல்லா செய்றவங்க எத்தனை பேர் இருக்காங்க."

"புரியுது. தெளிவா சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றாள் ஹாரியட். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டிம்ப்னா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்திருந்தாள். உருளைக்கிழங்கு குழைந்துபோனது.

"எத்தனை தடவை கேட்டா?" என்றாள் கன்செப்டா.

"ஒரு தடவை."

"ஒரு தடவையா? சாவு வீட்டுல சாண்ட்விச் வேணுமான்னு கேக்குறதுக்கே மூணு தடவை கேப்பாங்களேடி!"

"அவளுக்குத் தெரியலக்கா."

முதல் தடவை வேண்டாம் என்பது வணக்கம் சொல்கிற மாதிரி. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது யோசிக்கிறேன் என்கிற மாதிரி. மூன்றாம் தடவை கேட்டால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். இதை டிம்ப்னாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடவும்தான் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"திருப்பிக் கூப்பிடு."

"கூப்பிட்டு? வேணாம்னு சொன்னது வேணும்னுதாங்கன்னு சொல்றதா? மானம் போயிடும்."

"மானத்தை வச்சுக்கிட்டு இன்னும் நாலு கன்னியாஸ்திரி பண்ணு."

டிம்ப்னா கூப்பிடவில்லை. ஒன்பது நாள் தொலைபேசி இருந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்தாள். வீட்டில் அவ்வளவு துணி இல்லாததால் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பத்தாம் நாள் ஹாரியட் கூப்பிட்டாள். அடுத்த வியாழக்கிழமை டப்ளினுக்கு வருகிறாளாம். ஒரு விஷயம் கேட்க வேண்டும், ஓட்டலில் சந்திக்க முடியுமா?

"ஐயோ, எனக்காக நீங்க எதுக்கு—" என்று டிம்ப்னா தொடங்குவதற்குள் கன்செப்டா போனைப் பிடுங்கி, "வருவா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பயிற்சி அன்றைக்கே தொடங்கியது. கன்செப்டா உலர்திராட்சை போட்ட ரொட்டி ஒன்று சுட்டு, துண்டு போட்டு, வெண்ணெய் தடவி நீட்டினாள்.

"வேணுமா?"

"ஐயோ, எனக்கெது—"

கன்செப்டா தட்டைத் தன் பக்கம் இழுத்து அந்தத் துண்டைத் தானே தின்றாள். புதன்கிழமைக்குள் ஒரு துண்டு தவிர ரொட்டி முழுதும் தீர்ந்தது. டிம்ப்னா ஒரு துண்டுகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. வியாழன் காலையில், கடைசித் துண்டு நீட்டப்பட்டபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு "வேணும்" என்றாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அம்மணமா நின்ன மாதிரி இருக்குக்கா."

"சாப்பிடு. பழகிடும்."

ஓட்டலில் ஹாரியட் ஒல்லியாக, நல்லவளாக, மடியில் ஒரு குறிப்பேட்டோடு இருந்தாள். "டீ சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"ஐயோ, வேணாங்க" என்றாள் டிம்ப்னா. ரொட்டிக்குத்தான் பழகியிருந்தாள், தேநீருக்கு இல்லை.

"ஒரு டீ" என்றாள் ஹாரியட், பரிமாறுபவரிடம். அறுபது வயதிருக்கும் அவர், மேயோப் பக்கத்து நாட்டுப்புறக்காரர், போய் இரண்டு கோப்பைகளோடு வந்தார். "ஒருவேளை மனசு மாறிட்டா" என்று சொல்லி ஒன்றை டிம்ப்னாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனார். ஹாரியட்டுக்கு அது விளங்கவில்லை.

"மிஸ் கெராட்டி, ஒளிக்காம சொல்லுங்க. இந்தக் கதையில ஏதாவது தப்பு இருக்கா? உங்க மனசு புண்படுற மாதிரி ஏதாவது?"

"இல்லையே."

"அப்ப ஏன் எல்லாருமே மாட்டேங்கறாங்க? நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் வேணாம்னுட்டாங்க. அதுவும் எவ்வளவு மரியாதையா!"

டிம்ப்னா கோப்பையைத் தூக்கினாள். "யார் யாரைக் கேட்டீங்க?"

"முதல்ல ஃபினோலா க்விலிகன். அப்புறம் ரெண்டு பேர். அப்புறம் நீங்க."

நாலாவது ஆள் என்பது டிம்ப்னாவைப் பெரிதாகத் தைக்கவில்லை. தன்னை யாராவது முதலாவதாகக் கேட்டிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள். ஆனால் விஷயம் இப்போது அவள் கையில் இருந்தது. அதை அவள் தெளிவாகப் பார்த்தாள். மூன்று முறை கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் மாடியில் தன் அறைக்குப் போய் போனில் ஃபினோலாவை இன்னும் இரண்டு தடவை கேட்பாள். ஹன்னா டெவேன் ஃபினோலாவுடையவள் ஆகிவிடுவாள். டிம்ப்னா பக்கத்துத் தீவுக்காரியாக வந்து அவளுக்குத் தேநீர் கொடுப்பாள்.

"நான் பண்றேங்க" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பரிமாறுபவர் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவா? ரொம்ப சந்தோஷம்!" ஹாரியட் குறிப்பேட்டைத் திறந்தாள். திறந்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். நீங்க மனசு மாறின மாதிரி அவங்களும் மாறியிருப்பாங்களோ? முதல்ல கேட்டவங்களை விட்டுட்டோம்னு இருக்கக்கூடாதில்ல. ஃபினோலாவை இன்னொரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா?"

டிம்ப்னா கோப்பையைச் சத்தமில்லாமல் சாஸரில் வைத்தாள்.

"ஃபினோலாவை எனக்கு முப்பது வருஷமா தெரியும். அவ வேணாம்னு சொன்னா வேணாம்தாங்க."

ஹாரியட் அதை எழுதிக்கொண்டாள்.

"கையில தட்டு இல்லாம நீ நடிச்சதுலயே அதுதான்டி நல்ல நடிப்பு" என்றாள் கன்செப்டா அன்று சாயங்காலம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. அது பாராட்டா என்று டிம்ப்னா கேட்கவில்லை.

படத்தைக் கால்வே கரைக்கு எதிரே ஒரு தீவில், ஏழு வாரம் மழையில் எடுத்தார்கள். படகுக்காரர்கள் கூப்பிட்டார்கள், பாதிரியார் கூப்பிட்டார், மகன் வந்து காலில் விழுந்தான், ஹன்னா டெவேன் எல்லோருக்கும் வரமாட்டேன் என்றாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் டிம்ப்னாவின் கண்முன்னால் ஃபினோலா வந்து நின்றாள். அது நடிப்புக்கு உதவியது. மறுப்பதை இவ்வளவு கனமாக இதுவரை யாரும் செய்ததில்லை என்று டப்ளின் பத்திரிகை ஒன்று எழுதியது. டிம்ப்னாவின் பெயரை முழுதாகப் போட்டிருந்தார்கள், எழுத்துப் பிழையோடு.

படம் வெளிவந்த இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபினோலா ஆப்பிள் பணியாரம் ஒன்றைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"பாத்தேன்டி. நல்லாவே பண்ணியிருக்க" என்றாள். அவளுக்கு அதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்காது. "முதல்ல என்னைத்தான் கேட்டா, தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"வேணாம்னுட்டேன்."

"அதையும் கேள்விப்பட்டேன்."

"ஒரே ஒரு தடவைதான் கேட்டா, டிம்ப்னா. நான் பாட்டுக்கு போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். பைத்தியக்காரி மாதிரி."

அப்படி நிற்பது எப்படியென்று டிம்ப்னாவுக்குத் தெரியும்.

"டீ போடட்டுமா?"

"ஐயோ, எனக்கெதுக்கு. இப்பத்தான் குடிச்சேன்."

"ஒரு வாய்?"

"உனக்கெதுக்கு சிரமம்."

"தண்ணி கொதிச்சாச்சு, ஃபினோலா."

"சரி, நீ இவ்வளவு சொல்றதால."

டிம்ப்னா தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். ஃபினோலா முப்பது வருடப் பழக்கத்தில் நிமிர்ந்து பார்க்காமலே கோப்பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் பணியாரம் சாப்பிட்டார்கள். லண்டன்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். கோப்பை காலியானது.

"இன்னொரு கப்?"

"போதும்டி."

"அரை கப்?"

"போதும்."

"பானையில இன்னும் இருக்கே."

"நிஜமாவே போதும். வயித்துல இடமில்லை."

"கொஞ்சூண்டு?" என்றாள் டிம்ப்னா.

ஃபினோலா கோப்பையைக் கீழே வைத்தாள். சமையலறையில் கன்செப்டா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"நாலாவது தடவை கேக்குற" என்றாள் ஃபினோலா. "என் வயசுக்கு யாரும் என்னை நாலு தடவை கேட்டதில்லை. என்னடி பண்ணித் தொலைச்ச?"

டிம்ப்னா தட்டை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லையே" என்றாள்.

தட்டு கையில் இருந்ததால், நம்பும்படியாகத்தான் இருந்தது.