டாக்டர் வாய் திறக்காத நாள்

படகு வாங்கப்போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்து நின்றால், உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைவிட ஒரு அளவு சின்னதாக வாங்குங்கள் என்பேன். பெரிய படகில் பத்துப் பேர் படுக்கலாம், வாஸ்தவம்தான். அந்தப் பத்துப் பேரும் ஒரே ஒரு தடவை வந்து வாந்தி எடுத்துவிட்டுப் போவார்கள். வருஷம் முழுக்க அதன் அடிப்பக்கத்தைச் சுரண்டப்போவது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான். நங்கூரத்தை மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் தூக்கம் போச்சு. கழிவறையின் கைப்பம்பை எப்படி அடிப்பது என்று விருந்தாளி ஏறும்போதே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டு நான் ஒரு தடவை பட்ட பாடு போதும்.

இப்படி அதிகாரமாகப் பேசுவதற்கு எனக்கு உரிமை உண்டு. எங்களிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. பழையது, சின்னது, மழை பெய்தால் ஒரே ஒரு இடத்தில் ஒழுகும். அது போக, கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்களை எல்லாம் சந்தை நெரிசலில் ஓட்ட வைத்திருக்கிறேன். என் கணவர் பல் டாக்டர். அவர் தொழிலில் ஒரு சௌகரியம், எதிரில் இருப்பவர் வாயைத் திறந்திருப்பாரே தவிரப் பதில் பேச முடியாது. மனிதர் அப்படியே பேசிப் பேசிப் பழகிவிட்டார். நடுக்கடலில் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு இடது, வலது, கொஞ்சம் இடது என்று வாயாலேயே ஓட்டுவார். துறைமுக வாசல் தெரிந்ததும், "இங்க குடு, இங்க குடு" என்று பிடுங்கிக்கொள்வார். உள்ளே போய் எதையாவது ஒன்றை இடிப்பார்.

போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு ஏதாவது ஆகுமா? இடது கைதான் சுணங்கிப்போனது. எங்கள் ஒரே மகள் பிசியோதெரபிஸ்ட். அப்பாவின் கையை ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கி, சட்டைப் பொத்தான் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்தது அவள்தான். ஆனால் அந்த மாதங்களில் இந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டிவி ஓடும், அதைப் பார்க்கவும் மாட்டார். முதல் தடவை கைத்தாங்கலாகப் படகுக்குக் கூட்டிப்போன அன்றுதான், ஒழுகுகிற இடத்துக்கு அடியில் வைத்த வாளி நிரம்பியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படகு எங்களுக்கு வேண்டும். அவருக்காக என்று மட்டும் சொன்னால் பொய், எனக்கும் வேண்டும்.

மகள் வேண்டாம் என்றாள்.

"வித்துடுங்கப்பா. உங்க இடது கையில பாதிப் பிடிதான் இருக்கு. கயிறு பிடிக்கிற கையா இது?"

"அம்மா ஓட்டுவா," என்றார் இவர்.

"அம்மா எங்க ஓட்டுறா? ஸ்டியரிங்க அவ பிடிச்சுக்கிட்டு நிப்பா. ஓட்டுறது உங்க வாய்."

எனக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மை, அதனால்தான்.

அவளுக்குப் படகு பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு படகின் முன்பக்கம் நின்றாள். பலத்த காற்று. திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். கரையில் இவருடைய சிநேகிதர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் கேட்பாரா? வேகமாக உள்ளே வந்து படகு கட்டும் மேடையில் மோதினார். குழந்தை படகுக்கும் மேடைக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தாள். யாரோ சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் படகில் கால் வைக்கவே இல்லை. இவரோ அன்று காற்றைத் திட்டியதோடு சரி, மறுபடி அந்தப் பேச்சை எடுத்ததே கிடையாது.

கடைசியில் மகளே ஒரு பந்தயம் கட்டினாள். ஒரு நாள் நான் படகை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து எங்கள் இடத்தில் கட்ட வேண்டும். நான் சொல்கிற வேலையை அப்பா செய்யலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் படகை விற்றுவிட வேண்டும்.

"அப்பா பேசினாரா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லிடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்க ரெண்டு பேரையும்?"

நம்பிவிட்டாளே, அப்புறம் ஏமாற்ற முடியுமா?

அந்தப் பகல் பொழுது அருமையாகப் போனது. பாயை விரித்து எஞ்சினை நிறுத்தியதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்காக எத்தனை ஒழுகல் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். காற்று கொஞ்சம் ஏறியபோது பாயைச் சுருக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வந்த உடனே சுருக்கிவிட வேண்டும், யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. சுருக்கினேன். இவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஒரு பிஸ்கட்டை உள்ளே போட்டு மூடிக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு முட்டும்போதெல்லாம் ஒரு பிஸ்கட். திரும்பும்போது பாக்கெட் காலி.

துறைமுகத்துக்குள் நுழையும்போது காற்று குறுக்காக அடித்தது. எங்கள் இடம் ஒரு மிதக்கும் மேடையை ஒட்டியது. காற்று படகை மேடையிலிருந்து வெளியே தள்ளுகிற பக்கம். இதற்கு நான் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். படகின் நடுவிலிருந்து ஒரு கயிறு. அதை மேடையில் இருக்கும் இரும்புக் கொம்பில் முதலில் மாட்டிவிட்டு எஞ்சினை மெதுவாக முன்னால் ஓட விட்டால், படகு தானாக மேடையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்பக்கக் கயிறும் பின்பக்கக் கயிறும் அதற்கப்புறம்தான்.

மேடையில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அட்மிரல். பக்கத்து இடத்துப் படகுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவர் படகு அந்த இடத்தை விட்டு நகர்ந்து வருஷக்கணக்காகிறது, அதில் தக்காளிச் செடி வளர்க்கிறார். ஆனால் உலகத்தில் யார் படகு ஓட்டினாலும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும்.

"மேடம், கயிறப் போடுங்க! நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினார்.

நான் கொடுக்கவில்லை. அவரே குனிந்து, முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை எட்டிப் பிடித்துத் தம் கட்டி இழுத்தார். முன்பக்கம் மேடைக்குப் போனதும் பின்பக்கம் வெளியே திரும்பி அவருடைய தக்காளிச் செடியை நோக்கிப் போக ஆரம்பித்தது.

"விடுங்க கயிற! விடுங்கன்னு சொல்றேன்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் பாம்பை மிதித்தவர் போலக் கையை உதறினார். ரிவர்ஸ் போட்டு வெளியே வந்தேன். கயிற்றை ஆர்வக்கோளாறுக்காரர் கையில் சிக்க விடாதீர்கள் என்பதையும் என் யோசனைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை போனேன். பாதி வழியிலேயே ஒரு வேகமான காற்று வந்து முன்பக்கத்தைத் தள்ளிவிட்டது. மறுபடி வெளியே. இதற்குள் நாலைந்து படகுக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் போனில் படம்கூடப் பிடித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாவது தடவை கொஞ்சம் வேகமாகப் போனால் உள்ளே போய்விடலாம் என்று கை துறுதுறுத்தது. இவரைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாய்க்குள் பிஸ்கட் இல்லை, வார்த்தைதான்.

என் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தொண்டை கிழியக் கத்துவேன், பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிக்கிறான் என்பதற்காக வண்டியை எடுக்காதே என்று. இப்போது யார் அடிக்கிற ஹார்னுக்கு நான் அவசரப்படுகிறேன்? ஸ்டியரிங்கைத் திருப்பினேன். துறைமுகத்துக்கு வெளியே, அலையைத் தடுக்கும் கல்சுவரின் மறைவில் நங்கூரம் போடச் சொன்னேன். இவர் ஒரு நிமிஷம் நம்ப முடியாமல் பார்த்தார். அப்புறம் முன்னால் போய்க் காலால் பொத்தானை அழுத்திச் சங்கிலியை இறக்கினார். போன் அடித்தது. மகள். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா போயிட்ட? பயந்துட்டியா?"

"ஆமா, பயமாத்தான் இருந்துது."

"இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். காத்து இறங்கட்டும், வர்றேன். டீ போடப்போறேன் இப்ப."

அப்புறம் சொன்னாள், "அப்பாவா இருந்தா இந்நேரம் உள்ள வந்திருப்பார்."

பாராட்டுகிறாளா, குத்துகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் போனை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"ஐயோ, பேசாதீங்க!" என்றேன்.

பேசினார்.

"வந்து இடிச்சிருப்பேன், கண்ணு. நாலு பேர் பாக்குறாங்கன்னு வந்திருப்பேன். அன்னைக்கும் அப்படித்தான் வந்தேன். அம்மா வேணாம்னா, நான் கேக்கல. உன்னத் தண்ணில தள்ளினது காத்து இல்ல, நான்தான்."

அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை, ஆஸ்பத்திரியில்கூட. போனை என் மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். போச்சு, படகு போச்சு என்று நினைத்தேன். ஆச்சரியம், எனக்கு வருத்தமே வரவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது, தடவிக்கொடுத்தேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அம்மா, அப்பா பேசிட்டார்."

"ஆமாண்டி. பேசிட்டார்."

"பந்தயம் தோத்தாச்சு."

"தோத்தாச்சு."

"காத்து எப்ப இறங்கும்?"

"வெயில் சாஞ்சா இறங்கிடும்."

"நான் இங்கயே நிக்கிறேன். வேற யாரையும் கயிறத் தொட விட மாட்டேன். எந்தக் கயிறு முதல்லன்னு மட்டும் சொல்லு."

நடுக்கயிறு என்று சொன்னேன். இழுக்காதே, கொம்பில் மாட்டிவிட்டு ஒதுங்கி நில், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டீ குடித்தோம். இவர் டம்ளரைக் கழுவி வைத்தார். பந்தயம் தோற்றுப்போன பிறகும் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்ததும் சொல்லிவைத்த மாதிரி காற்று அடங்கியது. நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகிற வேகத்தில் உள்ளே வந்தேன். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அட்மிரல் மட்டும் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, மகளுக்குப் பயந்து எங்கள் பக்கமே திரும்பாமல் நின்றார். மகள் நடுக்கயிற்றை வாங்கி மாட்டிவிட்டு, சொன்னபடி ஒதுங்கினாள். படகு மெத்தென்று மேடையோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினேன்.

அவள் போகவில்லை. மேடையின் விளிம்பில் நின்று, கீழே படகுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த கையகலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் எழுந்து போய் வலது கையை நீட்டினார்.

"அது வேணாம்ப்பா," என்றாள். "இடது கையக் குடுங்க."

தயங்கித் தயங்கி நீட்டினார். தன் முழு பாரத்தையும் அந்தக் கையில் கொடுத்துப் படகில் ஏறினாள்.