பதினேழாவது சிவப்பு வரி

காலை பத்தே காலுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் திரையில் வந்து விழுந்தது. பதினேழு வரிகள். பதினேழும் சிவப்பு.

மேலாளர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "போச்சு," என்றார்.

பேருந்து நிறுவனத்தின் மூன்றாவது மாடி அறை அது. எந்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று நாற்பது நிறுத்தங்களின் மின்பலகைகளுக்கு அங்கிருந்த ஒரு சர்வர்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மாத வெள்ளோட்டம் இன்றோடு முடிகிறது. வெளியாள் புகுந்துவிடக்கூடிய ஓட்டை இருப்பது தெரிந்த பழைய சாஃப்ட்வேர் எதுவும் சர்வரில் இல்லை என்று, வெளியிலிருந்து வந்திருக்கும் தணிக்கையாளர் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பலகைகளை அணைக்க வேண்டியதுதான். மறுபடி எப்போது எரியும் என்று யாருக்கும் தெரியாது.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் சுவரோரம் நின்றாள். சேர்ந்து ஐந்து மாதம்தான். அதற்குள் 'சைலன்ட்' என்று பெயர் வாங்கிவிட்டாள். வைத்தவர் கேபிள் அண்ணன். கேபிள் இழுப்பதைவிடப் பெயர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

பலகைகள் அணையக்கூடாது என்பதற்கு அவளிடம் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. அவள் அப்பா பன்னிரண்டாம் நம்பர் வண்டியின் ஓட்டுநர். இருபத்தாறு வருடமாக, வண்டி தாமதமானால் ஏறுகிற ஒவ்வொருவரும் அவரைத் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பலகை வந்த பிறகு யாரும் திட்டுவதில்லை. ஒன்பது நிமிடம் என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் ஒன்பது நிமிடமும் சும்மா நிற்கிறார்கள். இப்போதெல்லாம் அப்பா பாடிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார். குரல் சகிக்காது. அது வேறு விஷயம்.

"பதினேழு சாஃப்ட்வேருக்கும் பதிப்பு எண் பழசும்மா," என்றார் தணிக்கையாளர், மேலாளரிடம். வருத்தமாகத்தான் சொன்னார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவளுக்குப் பதில் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவின் பாட்டு ஞாபகம் வந்தது.

"எண் பழசுதான் சார். ஆனா ஓட்டையை அடைச்சாச்சு."

கேபிள் அண்ணன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "அட, பேசுது," என்றார்.

காது மடல் சுட்டது. இனி நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "பழைய சட்டைன்னு வைங்க சார். கிழிஞ்ச இடத்தைத் தைச்சாச்சு. காலர்ல இருக்கற லேபிளை மட்டும் மாத்தல. உங்க ஸ்கேன் லேபிளைத்தான் படிக்குது, தையலைப் பார்க்கல."

"தையலை எங்க பார்க்கறது?"

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சாஃப்ட்வேருடனும் மாற்றக் குறிப்பு ஒன்று வரும். எந்த ஓட்டையை எந்தத் தேதியில் அடைத்தார்கள் என்று அதில் இருக்கும். முதல் வரிக்குரியதைத் திறந்தாள். தணிக்கையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓட்டையின் எண்ணை ரிப்போர்ட்டில் இருந்ததோடு விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். தலையாட்டினார். இரண்டாவது. மூன்றாவது. பதினொன்றரைக்குப் பதினாறு வரிகளில் பச்சை டிக் விழுந்திருந்தது. மேலாளர் அம்மா எல்லோருக்கும் டீ சொன்னார்.

"பதினேழாவதும் சரி. ஒன்பது நாள் முன்னாடிதான் அப்டேட் பண்ணிருக்கீங்க," என்று தணிக்கையாளர் பேனா மூடியைத் திறந்தார்.

ஒன்பது நாள். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அன்று அப்டேட் போட்டாள். பிறகு? அவசரமாக ஒரு கட்டளையைத் தட்டினாள். பழைய கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல் எது என்று அது காட்டும். ஒரே ஒரு வரி வந்தது. பலகைகளை ஓட்டும் நிரல். மூன்று மாதம் முன்பு தொடங்கியது, நடுவில் ஒருமுறைகூட நிறுத்தித் தொடங்கப்படவில்லை. நிறுத்தித் தொடங்கினால்தான் புதியது அதற்குள் ஏறும்.

பேனா காகிதத்தைத் தொடப்போனது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதில் அவளுக்கு நல்ல பழக்கமும் உண்டு.

"சார், போடாதீங்க. பதினேழாவது சரியில்ல."

மேலாளர் அம்மா நெற்றியில் கை வைத்தார். கேபிள் அண்ணன், "வாயைத் திறந்தாலும் திறந்தே, இப்படியா?" என்றார்.

"தைச்ச சட்டை பீரோவுலயே இருக்கு சார். நான் மாட்டிவிட மறந்துட்டேன். அது இன்னும் கிழிஞ்சதோடதான் ஓடிட்டு இருக்கு."

தணிக்கையாளர் அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம். ஆனா அதுவரைக்கும் நாற்பது போர்டும் அணைஞ்சிருக்கும்."

"அணைங்க," என்றார் மேலாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு.

மணி பதினொன்று ஐம்பது. ரீஸ்டார்ட் கொடுத்தாள். அரை நிமிடத்தில் அவள் போன் அடித்தது. அப்பா. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் மேலாளர்.

"போர்டு செத்துப்போச்சும்மா. நான்தான் பிடுங்கிட்டேன்கற மாதிரி எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. ஒருத்தர் திட்டவே ஆரம்பிச்சுட்டார்."

"ரெண்டு நிமிஷம்பா. நான்தான் அணைச்சேன்."

"நீயா?" அப்பா போனை வாயிலிருந்து எடுக்காமலே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ரெண்டே நிமிஷம், என் பொண்ணு சொல்லிட்டா." அறையில் எல்லோரும் காதைத் தேய்த்துக்கொண்டார்கள்.

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வந்திருந்த டீயை யாரும் தொடவில்லை. அவள் அதே கட்டளையை மறுபடி தட்டினாள். பதில் வெற்றாக வந்தது. பழையதை இப்போது எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

போனில் சலசலப்பு எழுந்தது. "வந்துடுச்சும்மா!" என்றார் அப்பா. "பன்னிரண்டாம் நம்பர், நாலு நிமிஷத்துல கிளம்புதாம். அட, அது நான்தான். வெக்கறேன்."

வைக்க மறந்துவிட்டார். படியேறுவது கேட்டது. பிறகு அந்தப் பாட்டு. தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை அறையில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குரல் சகிக்கல," என்றார் கேபிள் அண்ணன்.

"தெரியும்ணே," என்றாள் அவள். ஆனால் போனை அணைக்கவில்லை.