இங்கிலீஷ்காரன் வீட்டு வாசல்

பிரெக்சிட் முடிந்த வருஷத்திலிருந்து, பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் இருந்த இங்கிலீஷ்காரன் வீட்டின் செங்கற்கள் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகத் தொடங்கின. அந்தக் காலத்தில் ரயில்பாதை போட வந்த லண்டன் எஞ்சினியர் ஒருவன் தன் ஊர்க் கல்லையே கப்பலில் இறக்கிக் கட்டிய வீடு அது. சுவரில் ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்குவாட்டில். கீழ் அறையில் வாடகைக்கு இருந்த தமிழ் ஆட்களும் இடமில்லாமல் அப்படித்தான் படுத்தார்கள். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சுவரில் புதிதாக ஓர் ஓட்டை இருக்கும். கட்டட வேலைக்குப் போகும் இராயப்பு அதில் பழந்துணியை அடைத்துவிட்டுக் கிளம்புவான்.

அவன் மனைவி துஷாந்தி லண்டனில் இருந்தாள். அவனுக்கு விசா கேட்கக் கேட்க மறுத்தார்கள். கற்கள் போய் இறங்கியதோ அவளுடைய வீட்டு வளவில்தான்.

"இஞ்சை அரைச் சுவர் எழும்பிட்டுது. நீங்கள் எப்ப வாறியள்?" என்று ஃபோனில் கேட்டாள்.

"கல்லுக்கு ஒருத்தரும் விசா கேக்கேல்லையப்பா."

ஒருநாள் இராயப்பு, கூடவே போய்விடலாமென்று, ஆடிக்கொண்டிருந்த கல் ஒன்றை வயிற்றோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கல் போய்விட்டது, கயிறும் அவனும் மிஞ்சினார்கள். "கல்லும் கைவிட்டிட்டுதோ அண்ணை?" என்று அறையே சிரித்தது.

கடைசியில் கலே துறைமுகத்தில் லண்டன் லாரியில் ஒளித்து ஏற்றிவிட ஒரு ஆள் கிடைத்தான். அவனுடைய கார் தெருவில் நின்றது. இராயப்பு பையோடு வாசலைத் தாண்டும்போது வளைவின் உச்சிக் கல் போனது. மேல்மாடியில் குடியிருந்த அருள்மலர் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வீடு முனகிக்கொண்டு இறங்கியது. இராயப்பு பையைப் போட்டுவிட்டு வளைவுக்குத் தோளைக் கொடுத்தான். கார் ஹார்ன் அடித்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது, போய்விட்டது.

"கெதியா இறங்கு பிள்ளை!" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

எல்லோரும் இறங்கினார்கள். தோளை எடுத்துப் பார்த்தான், வரவில்லை. சுண்ணாம்பு பிடித்துவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர் சூசைநாதன், புதுச்சேரிக்காரர், வந்து அவன் விலாவில் விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கு மிஸ்யே. அசையாதீங்க," என்றார். அன்றோடு கற்கள் போவது நின்றது. எல்லோரும் திரும்பக் குடியேறினார்கள். இராயப்பு படுத்த இடத்தில் புறநகர் திரான்சியிலிருந்து வந்த ஒருவன் படுக்கிறான். துஷாந்தியின் வளவில் அரைச் சுவரும் ஒற்றை உச்சிக் கல்லும் அப்படியே கிடக்கின்றன. முதலில் அவள் அழைத்தால் யாராவது ஃபோனை அவன் காதில் பிடிப்பார்கள். அவன் வாயும் கல்லாய் இறுகிய பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். மழை நாட்களில் உள்ளே வருகிறவர்கள் நனைந்த குடையை அவன் முழங்கையில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். நழுவாமல் நிற்கிறது.