ஒற்றைக் கையுறை

அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் பின்னறையில் கூடும் எழுத்தாளர் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன கொடுமை! அன்று அந்தக் கொடுமை ஐலாவுக்கு.

அவள் நாவலில் கொலையும் இருந்தது, காதலும் இருந்தது. ஏதாவது ஒன்றை வெட்டினால்தான் அச்சேறும் என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். ஆறு வருட உழைப்பு. குழு எதைச் சொல்கிறதோ அதை வெட்டிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை," என்று ஆரம்பித்தார் ராய்ஸ். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், கொலைக்கதை தவிர எதையும் தொடமாட்டார். "காதல் வந்த பக்கத்தையெல்லாம் நான் தள்ளிட்டேன். அதை வெட்டு."

"அடப்பாவி!" என்றாள் மார்லிஸ். காதல் கதைகளாக எழுதிக் குவிப்பவள். "நான் பிணம் வந்த பக்கத்தைத் தள்ளிட்டேன். அதைத்தான் வெட்டணும்."

ஐலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதிப் பாதியாகவா படித்தார்கள்?

"சரி, கொலைகாரன் யாரு, சொல்லு பாப்போம்," என்று ராய்ஸ் மார்லிஸைச் சீண்டினார். "எனக்கே பிடிபடல. உறைஞ்சுபோன ஏரி மேல மீன்பிடிக் குடிசை, உள்ள பிணம், பக்கத்துல சிவப்புக் கம்பளிக் கையுறை. ஒண்ணே ஒண்ணு."

"அதெல்லாம் யாருக்கு வேணும்? அந்த ரொட்டிக்கடைப் பையன் என்ன அழகு தெரியுமா! அந்தக் குளிர்ல ஒரு கையை வெறுங்கையா பையில ஒளிச்சுக்கிட்டு நிக்கிறான். கதாநாயகி மனசு தாங்காம ஜோடிக்கு ஒண்ணு பின்ன உக்காந்துடறா."

"என்ன நிறம்?"

"சிவப்..." மார்லிஸின் வாய் அப்படியே நின்றது.

ஐலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆமாம் என்று கத்தத் துடித்தாள், பாவி சட்டம்!

"ஐயோ பாவம்," என்றார் ராய்ஸ், குரல் இறங்கி. "கொலைகாரனுக்கா அந்தப் பொண்ணு பின்னிக்கிட்டிருக்கு? எந்தப் பக்கம்? எடு, எடு!"

"இருங்க, செத்தது யாரு? அதை முதல்ல எனக்குக் குடுங்க!"

தாள்களைப் பிடுங்கிக்கொண்டு இருவரும் குனிந்துவிட்டார்கள். மேசையில் வெட்டி வைத்திருந்த எலுமிச்சைக் கேக்கை யாரும் சீண்டவில்லை. ஐலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சட்டத்தை மீறினாள்.

"அப்ப எதை வெட்டட்டும்?"

"கை வெச்சுப் பாரு, தெரியும் சேதி!" என்றார்கள் இருவரும், தலை நிமிராமலே.