பத்துக்கு மூன்று

ரேலீன் டக்வெல்லின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு இடத்தில், பதினேழு மாதங்களாக யாரோ சூட்டுக்கம்பியை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் என்பதைத்தான் மருத்துவ உலகத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார்கள்; முதுகெலும்பு முத்துமாதிரி இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார்கள். பக்கத்து ஊர் ஹாமில்டனிலிருந்த டாக்டர் மூன்று வகை மாத்திரை கொடுத்தார். ஒன்று தூக்கம் தந்தது, ஒன்று வாயை உலர்த்தியது, மூன்றாவது இரண்டையும் செய்தது. வலி தன் பாட்டுக்கு இருந்தது. கடைசியில் ஒரு நிபுணர் அதற்குப் பெயர் வைத்தார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினாள். 'காரணம் தெரியாதது' என்பதற்குக் கிரேக்கம். அதுவரை சொந்த மொழியில் மட்டும் தெரியாமல் இருந்தது, இனி கிரேக்கத்திலும் தெரியாது.

அவளுக்கு வயது ஐம்பத்துமூன்று. ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகைகளில் கம்பளியைத் தரம் பிரிப்பது வேலை. வெட்டிய ரோமத்தை முழுதாக விரித்து மேசைமேல் போடுவார்கள். ஒரு பிடியை உருவிக் காதருகே சுண்டிப் பார்த்து, இது இன்ன ரகம் என்று அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. செப்டம்பர் முதல் திங்களன்று சீசன் தொடங்கும். இப்போது ஜூன். மெல்பர்னில் ஒரு வலிக் கிளினிக்கில் மூன்று வாரச் சிகிச்சை உண்டு. அதில் இடம் கிடைத்தால் மேசைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் அங்கே வேறொருத்தி நிற்பாள்.

இடம் கிடைக்க ஒரே நிபந்தனை, பத்துக்குக் குறைந்தது ஆறு வலிக்க வேண்டும்.

மே மாதம் கிளினிக்கிலிருந்து போனில் கேட்டார்கள்.

"எப்படி இருக்கீங்க?"

"மோசமில்ல."

"வலிக்குப் பத்துல எத்தனை கொடுப்பீங்க?"

ரேலீன் யோசித்தாள். அவள் ஊர்ப்பக்கத்தில் பத்து ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டது. பக்கத்துப் பண்ணை மெர்வின் கை வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டபோது, ஆம்புலன்ஸ்காரர்களிடம் அவர் "லேசா வலிக்குது" என்றார். அவருக்கே லேசு என்றால், இரண்டு கையும் முழுசாக வைத்திருப்பவள் எந்த முகத்தோடு மேலே போவது?

"மூணு," என்றாள்.

அடுத்த வாரம் இடத்துக்குப் பதில் தபாலில் ஒரு பயிற்சித் தாள் வந்தது. தலைப்பு: 'உங்கள் வலியோடு நட்பாகுங்கள்.'

"மூணுன்னா சொன்ன?" என்றான் கணவன் கோல்.

"வேற என்ன சொல்ல? மெர்வுக்குக் கையே போச்சு."

"மெர்வ் அந்த கிளினிக் வரிசையில நிக்கலையே, ரே."

ஹாமில்டன் டாக்டர் கடிதம்மேல் கடிதம் எழுதி, நேரில் ஒரு சந்திப்பு வாங்கிக்கொடுத்தார். காரில் மூன்றரை மணி நேரமும் கோல் ஒரே பாடத்தை நடத்திக்கொண்டு வந்தான். "எட்டுன்னு சொல்லு."

"எட்டா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

"மெல்பர்ன்ல நம்மள யாருக்குத் தெரியும்? தைரியமா சொல்லு."

கிளினிக்கின் தலைவர் பேராசிரியர் விட்கோம்ப். நோயாளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று முந்நூறு பக்கத்தில் புத்தகம் எழுதியவர். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"மோசமில்ல." வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோல் கண்ணை மூடிக்கொண்டான். பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார்.

"பத்துல எத்தனை?"

"எட்டு."

"போன மாசம் மூணு, இப்ப எட்டு. நடுவுல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதே வலிதான்."

"அதே வலி எப்படிங்க எட்டாகும்?"

ரேலீனுக்குக் காது சூடேறியது. "டாக்டர், நான் முப்பது வருஷமா தரம் பிரிக்கிறவ. மாதிரி பாக்காம எதுக்கும் தரம் போட்டதில்ல. உங்க பத்தை ஒரு தடவை காட்டுங்க, என்னோடது எத்தனைன்னு சொல்லிடறேன்."

"பத்துன்னா, உங்களால கற்பனை பண்ண முடிஞ்ச அதிகபட்ச வலி."

"இருக்கிற வலிக்கே நேரம் பத்தல. கற்பனைக்கு எங்க போறது?"

பேராசிரியர் கோல் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

கோல் நாற்காலி நுனிக்கு வந்து, தன்னிடம் இருந்ததிலேயே மிகக் கடுமையான வார்த்தையை எடுத்துவிட்டான். "அவளுக்குக் கொஞ்சம் முடியலதாங்க."

அவர்கள் ஊரில் இப்படிச் சொன்னால் கடைசி ஜெபத்துக்குப் பாதிரியாருக்கு ஆள் அனுப்புவார்கள். பேராசிரியர் காதில் 'கொஞ்சம்' மட்டும் விழுந்தது. அவர் எழுதியதை ரேலீன் தலைகீழாகவே படித்தாள். 'முன்னுக்குப் பின் முரண். மிதமான வலி. மூன்று.'

அந்தத் தாளை வெளியே நர்ஸிடம் கொடுக்க வேண்டும். அவள் பெயர் பெர்னடெட். தாளைப் படித்தாள், ரேலீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாள்.

"எந்த ஊரு கண்ணு?"

"ஹாமில்டன் பக்கம்."

"நான் காஸ்டர்டன்காரி, உங்களுக்குப் பக்கத்து ஊருதான். அது கிடக்கட்டும், வீட்டுல துணி யாரு காயப்போடுறது?"

ரேலீன் தயங்கினாள். "கோல்."

நர்ஸ் கோலைப் பார்த்தாள். கோல் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

"கொடி வீட்டுக்குப் பின்னாடியா?"

"முன்னாடி. ரோட்டுலேர்ந்து தெரியும்."

"உள்துணியுமா?"

"எல்லாந்தான்," என்றான் கோல். "தபால்காரன் ஹார்ன் அடிச்சிட்டுப் போறான்."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து."

பெர்னடெட் மூன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். "நம்ம பக்கத்துல ஒரு ஆம்பள ரோட்டப் பாத்துப் பொண்டாட்டி துணிய உலர்த்துறான்னா, ஒண்ணு அவ செத்திருக்கணும், இல்ல ஒன்பது. இருங்க, கையெழுத்து வாங்கிட்டு வரேன்."

ஐந்து நிமிடத்தில் வந்தாள். பேராசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார். 'என்னுடைய தொடர்ந்த விசாரணையின் பலனாக நோயாளி மனம் திறந்தார்' என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

"இடம் இருக்கு," என்றாள் பெர்னடெட். "ஆனா அக்டோபர்லதான். முன்னாடி எல்லாம் நிரம்பிடுச்சு."

பதினேழு மாதம் அலைந்து, ஒரு வழியாக வலிக்கிறது என்று நிரூபித்தாகிவிட்டது. சீசன் மட்டும் போய்விட்டது.

கார் நிறுத்துமிடத்தில் நின்று, ரோமம் வெட்டும் ஒப்பந்தக்காரர் பாரிக்கு அவளே போன் போட்டாள்.

"என்ன ரே, எப்படி இருக்க?"

"வலிக்குது பாரி. சட்டை பட்டாக்கூட எரியுது. இந்த வருஷம் என்னால முடியாது, வேற ஆளப் போட்டுக்க."

முப்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் உள்ளபடி பதில் சொல்லி பாரி கேட்டதில்லை.

"அப்படியா," என்றார். தொண்டையைச் செருமினார். "சரி, நீயே சொன்னதால சொல்றேன் ரே. எனக்கும் இந்த வலது முட்டி ரெண்டு வருஷமா..."

இருபது நிமிடம் சொன்னார். முட்டி முடிந்து இடுப்புக்கு வந்தார். கோல் காரை ஓடவிட்டபடி காத்திருந்தான். தோள்பட்டைக்குக் கீழே கம்பி பழுக்கப் பழுக்க, போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டு ரேலீன் கேட்டுக்கொண்டு நின்றாள்.