சுடலை வீதிக்கு எண்பது புள்ளி

தொண்ணூற்றிரண்டில் அந்த ஊருக்குக் கிடைத்த தண்ணீர்க் கைப்பம்பி ஒன்று. அதைக் கேட்ட இடங்கள் மூன்று. கோயிலடியில் நல்ல கிணறு இருந்தது, துலாவில் அள்ளத்தான் அலுப்பு. கிழக்கு ஒழுங்கை என்ற சந்தின் கிணறுகளோ முழுக்க உவர். அங்கிருந்து பூரணம் முழங்கால் நோவோடு கோயில் கிணற்றுக்கு நாளுக்கு நான்கு நடை குடம் சுமந்தாள். மூன்றாவது இடம் ஊருக்கு வெளியே சுடுகாட்டுக்குப் போகும் சுடலை வீதி.

பூரணத்தின் மகள் மகாதேவி கணிதப் பட்டதாரி. வேலை கிடைக்காததால் சனசமூக நிலையச் செயலாளர். கை உயர்த்தி முடிவெடுப்பது அங்கே வழக்கம். ஊர் முழுக்கச் சொந்தம் என்பதால் தன் மாமனின் முகத்தைப் பார்க்காமல் யாரும் கை தூக்கியதில்லை. மகாதேவி கூச்சத்தில் தூக்கியதேயில்லை. கூடிய கை பெற்ற இடத்தைப் பாதிப்பேருக்கு மேல் வெறுக்கவும் கூடும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

பம்பிக்கான கூட்டத்தில், எல்லோரும் மூன்று இடங்களையும் விருப்ப வரிசையில் கடதாசியில் எழுத வேண்டும் என்றாள். முதலாவதுக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று.

"கை தூக்கினால் அஞ்சு நிமிசத்திலை முடியும், பிள்ளை" என்றார் தலைவர் சிவசுப்பிரமணியம்.

மகாதேவி தன் வாழ்நாளின் மிக நீண்ட உரையை ஆற்றினாள்: "அது சுகம், ஐயா. இது நியாயம்."

ஊர் அவளைவிடக் கெட்டிக்கார ஊர். கிழக்கு ஒழுங்கையார் போட்டியாளரான கோயிலடியைக் கடைசியில் போட்டார்கள். கோயிலடியார் கிழக்கு ஒழுங்கையைக் கடைசியில் போட்டார்கள். நடுவில் எழுத மிஞ்சியது சுடலை வீதி. அதை உண்மையாக விரும்பியவர்கள் அந்தப் பக்கம் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த நால்வர் மட்டுமே.

நான்கு தரம் கூட்டினாள். சுடலை வீதி எண்பது, கிழக்கு ஒழுங்கை எழுபத்தாறு, கோயிலடி எழுபத்திரண்டு. கை தூக்கியிருந்தால் பதினெட்டுக்குப் பதினாறு என்று அவளுடைய ஒழுங்கை வென்றிருக்கும். அவளுடைய கடதாசியிலும் கோயிலடி கடைசியில்தான் இருந்தது. அது இரண்டாவதாக இருக்க வேண்டிய இடம் என்பது அவளுக்குத் தெரியும்.

"கணக்குச் சரியோ?" என்றார் தலைவர்.

பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும், கை தூக்கச் சொல்லிவிடுவார். அம்மாவின் முழங்கால் இரண்டாம் வரிசையில் இருந்தது. ஆனால் சரியான கூட்டலைப் பிழை என்று சொல்ல மகாதேவிக்கு வாய் வரவில்லை. பின்னாளில் அதைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டாள். அப்போது அது வெறும் வீம்பு.

"சரி, ஐயா."

மறுநாள் காலை பூரணம் குடத்தை அவள் முன் வைத்தாள்.

"நீ படிச்ச பிள்ளை, நான் ஒண்டும் கதைக்கேல்லை. நாலு நடையும் இனி உன்ரை."

கோயில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த கோயிலடிக்காரி இரத்தினம்மா அவளைக் கண்டதும் துலாவை நிறுத்தினாள். "புதுப் பம்பி அங்காலையெல்லோ, பிள்ளை?"

மகாதேவி நிமிராமல் குடத்தை நீட்டினாள்.