பாக்கெட்டில் திரும்பி நிற்பவள்

1

இந்தக் கதை எனக்குப் பழனி பேருந்து நிலையத்தில் கிடைத்தது. பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒருவர் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டே, "அந்தக் காலத்துல ஒரு சினிமாக்காரம்மா இங்க வந்து எல்லாரோடவும் வரிசையில உக்காந்து மொட்டை போட்டுட்டுப் போனாங்களாமுங்க. முடி முழங்கால் வரைக்கும் இருந்துதாமா" என்றார். யார், எந்தப் படம் என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க. எங்கப்பாரு சொன்னது" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான் முதல். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஆகவே பழைய பத்திரிகைகளைப் புரட்டி அவளைத் தேடாதீர்கள், கிடைக்கமாட்டாள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுத எழுத, நானே உண்டாக்கிய ஒருத்தியைப் பார்த்து நானே வாய் பிளந்து நிற்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பீர்கள். இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "1956ஆம் ஆண்டு, திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேலே சூரியன்…" வேண்டாம். சூரியன் உதித்துத் தொடங்கிய கதைகள் தமிழில் போதுமான அளவு இருக்கின்றன.

இரண்டாவது தொடக்கம்: "ராமுத்தாய் பேரழகி." இதுவும் ஆகாது. அவளை யாரும் முகத்திலிருந்து பார்க்கத் தொடங்கியதில்லை.

மூன்றாவது: சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சுந்தரம்மாளும் அவள் மகள் ராமுத்தாயும் காய்ந்த சீயக்காய் மூட்டையோடு திண்டுக்கல்லுக்கு, அப்துல் சுக்கூர் ராவுத்தரின் அரவை மில்லுக்கு வந்தார்கள்.

இதை வைத்துக்கொள்கிறேன். மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. மூட்டையை இறக்கக் குனிந்தபோது கொண்டை அவிழ்ந்து, முடி முழங்காலுக்குச் சரிந்தது. எடை போடுகிறவன் எடையை மறந்தான். சுக்கூர் ராவுத்தர் எதையும் மறக்கவில்லை. அவர் வியாபாரி.

"ஏம்மா, இது நம்ம மில்லு சீயக்காயில வளந்ததுதானே?"

"எங்க சீயக்காயில வளந்தது ராவுத்தரய்யா. ஒங்களுக்கு இன்னைக்குத்தான் கொண்டாந்துருக்கோம்" என்றாள் ராமுத்தாய்.

அந்த வாரமே ஞானராஜ் ஸ்டூடியோவில் அவளை நிறுத்தினார்கள். தலையைப் பிடித்தால் முடியின் நுனி வரவில்லை, நுனியைப் பிடித்தால் தலை வரவில்லை. ஞானராஜ் கேமராவைத் தள்ளித் தள்ளி, கடைசியில் வாசலைத் தாண்டித் தெருவிலேயே வைத்துவிட்டார். இரண்டு ஜட்கா வண்டிகள் நின்று வழிவிட்டன. முதுகைக் காட்டி நின்று, முகத்தைக் கொஞ்சம் மட்டும் திருப்பி அவள் பார்த்த அந்தப் படம் சீயக்காய்த்தூள் பாக்கெட்டில் அச்சாகி, மதுரைச் சீமையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டுக்கெல்லாம் போனது.

3

இங்கே சுந்தரம்மாளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இப்படி ஒரு தாய் இருப்பாளா?

ராமுத்தாய்க்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல். பிழைத்தால் இவளுக்கு மொட்டை போடுகிறேன் என்று பழனி முருகனுக்குச் சுந்தரம்மாள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. காய்ச்சலில் கொட்டிய முடி திரும்ப வளர்ந்தபோது வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. பழனிக்குப் போனார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்கம்மா, பூமுடிங்களா, மொட்டைங்களா?"*

மகளின் பின்னலைப் பார்த்த சுந்தரம்மாளுக்கு மனசு வரவில்லை. "பூமுடி" என்றாள். பிறகு மலையைப் பார்த்துக் கையெடுத்து, "மிச்சத்தை இவ கல்யாணத்துக்கு முந்தித் தந்துடுறேன் அப்பு, கோவிச்சுக்காத" என்றாள்.

* பூமுடி என்றால் முடியின் நுனியில் ஒரு கற்றையை மட்டும் நறுக்கிக் கொடுப்பது. அதுவும் காணிக்கைதான், குறையொன்றும் இல்லை. ஆனால் சுந்தரம்மாள் வாய்விட்டு வேண்டியது மொட்டை. சாமியிடமே வாய்தா வாங்கிய பெண்பிள்ளை அவள். யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊர்ப்பக்கத்தில் இப்படித்தான் இருப்பார்கள். சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

4

பாக்கெட்டைப் பார்த்து மதராஸிலிருந்து ஒரு படமுதலாளி ஆள் அனுப்பினார். 1958இல் ராமுத்தாய் நடிகையானாள். [சினிமாவில் அவளுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு மாற்ற மனமில்லை.]

முதல் இரண்டு படங்களிலும் அவளை முதுகுப் பக்கமிருந்துதான் எடுத்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்தது அந்தக் கூந்தலைப் பார்க்க. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். ராமுத்தாய் முதுகாலேயே நடிக்கக் கற்றுக்கொண்டாள். புருஷன் செத்த சேதி வருகிற காட்சியில் அவள் திரும்பவேயில்லை. தோள்பட்டை ஒன்று மெல்ல இறங்கியது, அவ்வளவுதான். கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் திரும்பி நின்று நானும் தோளை இறக்கிப் பார்த்தேன். சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மூன்றாவது படத்தில் ஒரு டைரக்டர் துணிந்து அவளை முகம் பார்த்து எடுத்தார். படப்பிடிப்பு முடிந்தது. முதலாளி அடுத்த இரண்டு படங்களுக்கும் அவளையே பேசி வைத்தார், இரண்டிலும் கதாநாயகி. 1962. ஊரிலிருந்து ஆள் வந்தது: சுந்தரம்மாளுக்குக் காய்ச்சல், பத்து நாளாக இறங்கவில்லை.

5

ராமுத்தாய் கட்டிலருகே உட்கார்ந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"ஆத்தா, முடியை எறக்கிட்டு வரவா?"

"கிறுக்கச்சி. ஒம் பொழப்பே அதுலதாண்டி இருக்கு. நீ பேசாம இரு. நான் இன்னும் செத்த நேரத்துல அந்த முருகங்கிட்டதான போகப்போறேன். நேர்ல பேசிக்கிறேன்."

[இந்த இடத்தில் ராமுத்தாய்க்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்று நான் முடிவு செய்திருக்க வேண்டும். மதராஸில் நாலு வருஷம் இருந்தவள், சாமி இல்லை என்கிற நாலு கூட்டமும் கேட்டிருப்பாள். அவளையே கேட்டேன், ஆத்தாவின் போர்வையை இழுத்துவிடப் போய்விட்டாள். தன் ஆத்தா பயந்துகொண்டே சாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.]

மறுநாள் பழனி. வரிசையில் அவளுக்கு முன்னால் நெய்க்காரப்பட்டிக்காரி ஒருத்தி, பின்னால் ஒரு கைக்குழந்தை. நாவிதர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பூமுடிங்களா, மொட்டைங்களா?"

"மொட்டை" என்றாள்.

கொண்டையை அவள் அவிழ்த்தபோதுதான் அவர் நிமிர்ந்தார். கத்தியை வைத்துவிட்டார். "அம்மிணி, எனக்குக் கை வரலீங்க" என்றார். அவள் அவர் கையில் கத்தியை எடுத்துக் கொடுத்துத் தலை குனிந்தாள்.

இதற்கு மேல் இந்தக் காட்சியை எழுத முயன்று நாலு வாக்கியங்களை அடித்தேன். "கருமேகம் கலைந்து…" என்ற ஒன்று உட்பட. எனக்கு உண்மையில் தோன்றியது ஒன்றுதான்: என்ன தைரியம்!

சந்தனம் பூசிய தலையோடு அவள் வந்து நின்றதும் சுந்தரம்மாள் தடவிப் பார்த்து ஓவென்று அழுதாள். காய்ச்சல் இரண்டே நாளில் இறங்கியது. விட்டது காய்ச்சலா பயமா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

6

சாமி தீர்ந்தது. ஊர் தீரவில்லை.

திண்டுக்கல் கடைவீதியில் ஒரே வாரத்தில் பேச்சு கிளம்பியது. பாக்கெட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சீயக்காய் போட்டுத்தான் முடி அம்புட்டும் கொட்டிப்போச்சாம்! நேர்த்திக்கடன் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. வேண்டுதலுக்கு மொட்டை போடுகிற ஊர்தான். ஆனால் சினிமாக்காரி போடுவாளா? பெண்கள் பாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த மூன்றாவது படம் வெளியாகும் நாளில் நடிகையே திண்டுக்கல் கொட்டகை மேடைக்கு வருகிறாள் என்று ஏற்கெனவே சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. படமுதலாளி மதராஸிலிருந்து ஒரு விக் வாங்கி வந்தார். முழங்கால் வரை நீளம். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அதை மேசைமேல் விரித்தார்.

"போட்டுக்கிட்டு ஒரு கும்பிடு போடு, போதும். இல்லேன்னா அந்த ரெண்டு படத்துக்கும் வேற ஆள் பார்த்துக்கறேன். மொட்டைத் தலையைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்?"

சுக்கூர் ராவுத்தர் வாசற்படியிலேயே நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ராமுத்தாயி, ஒங்காத்தா நேர்ந்துக்கிட்டதை நீ செஞ்ச. அல்லாஹ் மேல ஆணையா அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா மில்லுல நாப்பது பொம்பளைக வேலை பாக்குறாக தாயி" என்றார்.

7

இப்போது முடிவு.

(அ) அவள் விக்கைப் போட்டுக்கொண்டு போகிறாள். கைதட்டல். இரண்டு படங்களும் அவளுக்கே. மில் பிழைக்கிறது. இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. இதை எழுதி முடித்துப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

(ஆ) அவள் மொட்டைத் தலையோடு போகிறாள். அரங்கம் எழுந்து நின்று கையெடுக்கிறது. எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அது ஜனங்களைப் பற்றி நான் படுகிற ஆசை. சீயக்காயைத் திருப்பிக் கொடுத்த அதே ஜனங்கள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

(இ) அவள் விக்கைக் கையில் எடுக்கிறாள், அது பழனியில் ஏலம் போன அவளுடைய சொந்த முடி என்று… சீ. இதை எழுதிய கையை நானே ஒரு தட்டு தட்டினேன்.

(ஈ) அவள்

அந்த வரியை எழுதும்போதுதான் நடந்தது. மணி அடித்துவிட்டார்கள். ராமுத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "மொதலாளி, செத்த வெளிய இருங்க. ராவுத்தரய்யா, நீங்களும்" என்றாள். இருவரும் போனார்கள். நான் போகவில்லை. நான்தானே அவளை உண்டாக்கியவன். அவள் என் பக்கம் திரும்பினாள். இத்தனை பக்கத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய கண்கள். நான் அவற்றை எங்கும் வர்ணிக்கவேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"நீங்களுந்தான்" என்றாள்.

வெளியே வந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது பேனாவோடு முதலாளிக்கும் ராவுத்தருக்கும் நடுவில் நிற்கிறேன். மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். இந்தக் கதவு எங்களுக்குத் திறக்காது. அவள் அந்தப்பக்கத்துக் கதவு வழியாகவே மேடை ஏறிவிடுவாள்.

உங்களுக்கு முன் வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். படுதா தூக்குகிறார்கள். அவள் உங்களைப் பார்த்துத்தான் வருகிறாள். எந்தத் தலையோடு வருகிறாள் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், எங்களுக்கு இங்கே கேட்கவேண்டும்.